பதினேழாம் நிமிடத்துக்காரர்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா? படுக்கையை மாற்றிக் கொடுத்தார்களா என்று எழுது.

உன் நோட்டு வந்து சேர்ந்தது. அட்டையில் நாற்பது பக்கம் என்று போட்டிருக்கிறாய். என் கைக்கு வந்தது முப்பத்தொன்பது. பதினோராம் பக்கத்தைக் கடிதம் பார்க்கும் அதிகாரி எடுத்து வைத்துக்கொண்டாராம். நட்சத்திரக் குறியும் அம்புக் குறியும் நிறைய இருப்பதால் ரகசிய மொழி என்று சந்தேகப்படுவதாக ஒரு சீட்டு வைத்திருக்கிறார். மற்ற முப்பத்தொன்பது பக்கத்தில் மட்டும் என்ன கல்யாண அழைப்பா இருக்கிறது? ஒரு ஆள் சிறைக்குள் உட்கார்ந்து கையால் புரோகிராம் எழுதுவான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா வரி வரியாக வாசிக்கிறார், நான் டைப் அடிக்கிறேன். "அரைப்புள்ளின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணுமா? அதுவா வந்துக்காதா?" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் உன்னை வெளியே கொண்டுவரப் பார்க்கிறேன்.

நீ மறந்த மாதிரி நடிப்பதால் மறுபடியும் சொல்கிறேன். எங்கள் நூலகம் வீட்டுக்குக் கொடுக்கும் வாசிப்புப் பெட்டிகளில் ஒரே ஒரு பொத்தான். பார்வை இல்லாதவர்கள் அதை அழுத்தினால் சர்வர் புத்தகத்தை வாசித்து அனுப்பும். இணைப்பு அறுந்தால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கும். விட்ட இடத்தை சர்வரே நினைவில் வைத்துக்கொள்ள நீ நோட்டில் எழுதிய மாட்யூல், அதாவது சர்வரில் ஏற்றும் அந்தத் துணைப் புரோகிராம், வேலை செய்துவிட்டால், நூலகர் உனக்குச் சான்றிதழ் எழுதித் தருவார். அக்டோபரில் முன்விடுதலைக் குழு கூடுகிறது. அந்தச் சான்றிதழும், நீ வண்டியால் இடித்த மனிதர் 'ஆட்சேபம் இல்லை' என்று கையெழுத்துப் போட்ட தாளும் இருந்தால் மீதி இரண்டு வருடம் குறையும். இரண்டாவது தாளைப் பற்றி நான் பேசவில்லை.

பதினோராம் பக்கத்தை மறுபடி எழுதி அனுப்பு. மாற்றிக்கொள்ள உள்சட்டை அனுப்பியிருக்கிறேன்.

டைப் அடித்து விரல் வீங்கிய,
அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. உள்சட்டை சரியாக இருக்கிறது. மாமாவிடம் அரைப்புள்ளி தானாக வராது என்று சொல்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இந்த அம்பு எங்கடா போகுது?" என்று கேட்டார். நினைவகத்தில் ஒரு இடத்துக்குப் போகிறது என்றேன். "அங்க என்ன இருக்கு?" என்றார். விட்ட இடம் இருக்கிறது என்றேன். ஒரு மணி நேரம் விளக்கிய பிறகு, தனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் மேலதிகாரிக்குப் புரியாது என்று சொல்லிவிட்டார். அதனால் புதிதாக எழுதிய பதினோராம் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதியிருக்கிறேன்.

முதலில் சர்வரிடம் அதன் வெர்ஷன் என்ன என்று கேள். அதே வெர்ஷனின் மூலக் கோப்புகளை இறக்கி, அதோடு சேர்த்து மாட்யூலை இயந்திரத்துக்குப் புரியும் ஃபைலாகக் கட்டு. நம் மாட்யூல் வெளியாள் எழுதியது. வேறு வெர்ஷனுக்குக் கட்டியது என்று தெரிந்தால் சர்வர் உள்ளே விடாது.

பேசவில்லை என்று எழுதியே பேசிவிட்டாய். நான் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. திரும்பும் இடத்தில் பார்க்காமல் திருப்பினேன். ஒரு கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குக் கண் போயிற்று. அவர் முன்னால் போய் ஒரு தாளை நீட்டுவதற்கு நமக்கு முகம் கிடையாது. போகாதே.

எல்லோருக்கும் என் அன்பு.
தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமாவுக்கு ஜலதோஷம், எனக்குத் தலைவலி. மற்றபடி குறை இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

எனக்கு ஏன் தலைவலி என்று கேள். சர்வரிடம் வெர்ஷன் கேட்டேன். பதினெட்டு என்றது. பதினெட்டின் மூலக் கோப்புகளை இறக்கினேன். கட்ட ஆரம்பித்தால் அந்தத் துணைக் கோப்பு இல்லை, இந்தத் துணைக் கோப்பு இல்லை என்று மூன்று நாள் அலைக்கழித்தது. நான்காம் நாள் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் மாட்யூல் ஃபைல் வந்து விழுந்தது. உன் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு சின்னதா? இதுக்கா அத்தனை அரைப்புள்ளி?" என்றார்.

அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்துச் சோதனை போட்டேன். 'எல்லாம் சரி' என்றது. அமைப்பை மறுபடி படி என்று கட்டளை கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கும் லாகைத் திறந்து பார்த்தால், 'இது பதினெட்டுக்குக் கட்டியது, எனக்குப் பதினாறு வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறது. வாயைத் திறந்து பதினெட்டு என்று சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரனா?

இதற்கு நடுவில் எங்களுக்குப் புதிதாக ஒரு கேட்பவர் சேர்ந்திருக்கிறார். அவர் வீட்டு இணைப்பு பதினேழு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஒரு கப்பல் கதையைக் கேட்கிறார். பதினேழு நிமிடம் ஆனதும் அறுந்து, மறுபடி முதல் வரி. கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை. தினமும் போன் செய்து திட்டுகிறார். ஆபீஸில் அவருக்குப் பதினேழாம் நிமிடத்துக்காரர் என்றே பெயராகிவிட்டது. அவருக்காகவாவது சீக்கிரம் வழி சொல்.

பதிலை இந்த மாதமே எதிர்பார்க்கிற,
அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் ஜலதோஷம் இதற்குள் போயிருக்கும். இங்கே வெயில். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் பத்து நாள் அதிகாரியின் மேஜையில் இருந்தது. பதினாறு, பதினெட்டு என்ற எண்கள் என்ன என்று விசாரித்தார். இப்போது அவரும் கவலைப்படுகிறார். "உங்க அக்கா தப்பா டைப் அடிச்சிருப்பாங்க" என்பது அவர் அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுதான்.

லாக் பதினாறு கேட்டால் பதினாறுக்கே கட்டிக் கொடுத்துவிடு. வாதம் பண்ணாதே.

அந்தப் பதினேழாம் நிமிடத்துக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். ஒரே பதினேழு நிமிடத்தை ஒரு மனிதர் எத்தனை தடவைதான் கேட்பார். பாவமாக இருக்கிறது.

அன்புடன்,
தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் தப்பாக டைப் அடிக்கவில்லை. உன் அதிகாரியிடமும் சொல்லிவிடு. பதினாறுக்கு வேறு மூலக் கோப்பு இறக்கி, முதலிலிருந்து கட்டிக் கொடுத்தேன். இப்போது சோதனையே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. 'எனக்குப் பதினெட்டு வேண்டும்' என்கிறது. பதினெட்டைக் கொடுத்தால் சோதனை சரி, லாக் பதினாறு கேட்கும். பதினாறைக் கொடுத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும். ஒரே இயந்திரம், ஒரே நாளில், இரண்டு பேச்சு. எட்டு தடவை கட்டிப் பார்த்துவிட்டேன்.

நூலகர் தோள்பக்கம் நின்று எட்டிப் பார்த்து, "எதுவேணா பண்ணுங்க, ஆனா சர்வரை மட்டும் நிறுத்தாதீங்க" என்கிறார். சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார், 'இந்த சர்வர் நிற்காமல் ஓடிய நாட்கள்' என்று. தினமும் காலையில் அவரே அழித்து அவரே எழுதுவார். இன்று 1,206. வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

எரிகிற நேரம் பார்த்து உன் பதினேழாம் நிமிடத்துக்காரர் போன். பதினேழு நிமிடம்தானே, குறித்து வைத்திருக்கிறோம் என்றேன். விட்டாரா? "பதினேழு நிமிஷம் நாலு விநாடிம்மா. நாலு விநாடிய ஏன் முழுங்குறீங்க? முப்பது வருஷம் கடிகாரத்தைத் தொறந்து மூடினவன் நான், எனக்கு மொட்டைக் கணக்கு சொல்லாதீங்க" என்று ஒரு பாட்டம் திட்டு. அவருக்கும் நான் இளப்பம், சர்வருக்கும் நான் இளப்பம்.

அக்டோபருக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்து எழுது.

அக்கா

ஜூன் 30

தம்பி,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதம் அதிகாரியிடம் மாட்டிக்கொண்டதா, நீயே எழுதவில்லையா? என்ன கோபமானாலும் எழுதித் தொலை.

அக்கா

ஜூலை 11

அக்காவுக்கு,

நலம். கடிதம் எங்கேயும் மாட்டவில்லை.

முதலில் சர்வர். உனக்கு முன்னால் அங்கே இருந்தவர் டிஸ்க்கில் பதினெட்டை நிறுவிவிட்டு, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்காமல் போயிருக்கிறார். ஓடிக்கொண்டிருப்பது மூன்று வருடத்துக்கு முன் நினைவகத்தில் ஏறிய பழைய பதினாறு. நீ வெர்ஷன் கேட்டாலும் சோதனை போட்டாலும் பதில் சொல்வது டிஸ்க்கில் இருக்கிற புதியது. வேலை பார்ப்பது பழையது. இரண்டும் பொய் சொல்லவில்லை. அந்தப் பலகைதான் வியாதி. ஒரே ஒரு தடவை நிறுத்தித் தொடங்கு, பதினெட்டுக்குக் கட்டிய மாட்யூல் தானாக ஏறும். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

அடுத்தது. முப்பது வருடம் கடிகாரம் திறந்து மூடி, இப்போது பார்வை இல்லாமல் இருக்கிற எத்தனை பேர் உன் ஊரில் இருக்கிறார்கள்? உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். போகாதே என்று எழுதினேன். நீ போனாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையெழுத்துக்காகத்தானே போனாய்? பெட்டியைக் கொடுத்துப் பழகி, மெதுவாகத் தாளை நீட்டலாம் என்றா? நான் யாருடைய கண்ணைக் கெடுத்தேனோ அவரையே நீ ஏமாற்றுகிறாய்.

முன்விடுதலை விண்ணப்பப் படிவம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

தம்பி

ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோபம் குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே.

ஆமாம், கையெழுத்துக்காகத்தான் போனேன். பிப்ரவரியில், நீ போகாதே என்று எழுதுவதற்கு முன்பே, தாளைப் பையில் வைத்துக்கொண்டு. கதவைத் திறந்தார். மேஜை மேல் சின்னச் சின்னத் திருப்புளிகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. தூசி இல்லை. தினமும் துடைக்கிறார் போலிருக்கிறது. யாரு என்றார். வாயில் வந்தது, "நூலகத்திலேர்ந்து வர்றேன்" என்பதுதான். அது பொய்யும் இல்லை. தாளை எடுக்கவே இல்லை, பெட்டியைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்டி போய்ச் சேர்ந்ததிலிருந்து தினமும் அவரிடம் திட்டு வாங்குகிறேன். அவர் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கிறது. இதை உன்னிடம் எப்படி எழுதுவது? எழுதியிருந்தால் நீ நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பாய்.

சர்வரைப் பற்றி நீ சொன்னது சரி. எட்டு தடவை கட்டியதை நினைத்தால் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நூலகரிடம் ஒரே நிமிடம் நிறுத்தக் கேட்டேன். முகம் செத்துப்போயிற்று. "ஆயிரத்து இருநூத்தி அம்பத்தெட்டு நாள்மா" என்றார். அவர் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தத்தான் போகிறேன். நீ படிவத்தில் கையெழுத்துப் போடு.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் தேய்த்துக்கொள்கிறேன். வலி கேட்கிறது.

ஒரு நிபந்தனை. நீ யார், மாட்யூலை எழுதியது யார், எதற்காக எழுதினான், எல்லாவற்றையும் முதலில் அவரிடம் சொல். சொன்ன பிறகு சர்வரை நிறுத்து. நான் எழுதியது என்று தெரிந்து அவர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள். தெரியாமல் அவர் காதில் என் வேலை ஓடக் கூடாது.

அந்தத் திருப்புளிகளைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். எழுதியதும் நல்லதுதான்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.
தம்பி

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்பு எல்லோருக்கும் சரி. மனசுதான் ஆளுக்கொரு பக்கம் கிடக்கிறது. உன்னுடையது எப்படி என்று எழுது.

சொல்லிவிட்டேன். தாளை எடுத்துக்கொண்டு முதலில் போனதைக்கூட விடாமல் சொன்னேன். திருப்புளிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அன்று திட்டவே இல்லை. முடித்ததும், "போம்மா. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்து மறந்தாரா என்றும் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு திருப்பத்தில் ஒரு நொடி திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா நீ?

மறுநாள் காலை எல்லோரும் டீ குடிக்கப் போன சமயம் சர்வரை நிறுத்தினேன். பதினோரு விநாடியில் எழுந்துவிட்டது. மாட்யூல் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. ஐந்து மாதச் சண்டை பதினோரு விநாடியில் தீர்ந்தது என்றால் யாருக்கு எரிச்சல் வராது? நூலகரிடம் நானே போய்ச் சொன்னேன். பலகையைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சான்றிதழை என் மேஜையில் வைத்துவிட்டு, அப்போதும் பேசாமல் போனார். முதல் தாள் கிடைத்துவிட்டது.

அவரிடமிருந்து போன் இல்லை. தினமும் லாகைப் பார்க்கிறேன். ஐந்து நாள் அவர் பெட்டி சர்வர் பக்கமே வரவில்லை. ஆறாம் நாள் வந்தது. பதினேழு நிமிடத்தில் அறுந்தது. மறுபடி வந்தது. விட்ட இடத்திலிருந்து போனது. இப்போது எட்டாம் அத்தியாயம். கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று லாகில் வராது.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம் எல்லாம் கடைசியில் விசாரிக்கிறேன். போன் வந்தது.

எடுத்ததும், "உன் தம்பி வேலை சரியில்ல" என்றார். "அறுந்து திரும்ப வர்றப்போ விட்ட இடத்துக்குப் பதினோரு விநாடி முன்னாடி போகுது. நாப்பது தடவை எண்ணிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் பதினொன்னு. சரி பண்ணச் சொல்லு" என்றார்.

கடிதம் போட்டுக் கேட்கிறேன், பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றேன்.

"மூணு வாரமா? அப்புறம் நீ ஒண்ணு கேப்பே, அவன் ஒண்ணு எழுதுவான், அதுக்கு மூணு வாரம். கடுதாசியில ரிப்பேர் பண்றதை எந்த ஊர்ல பாத்தே? வேலை பண்ணினவன் நேர்ல வந்து உக்காந்து சரி பண்ண வேண்டாமா?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள், "அந்தத் தாளை எடுத்துட்டு வா" என்றார்.

ஓடினேன். கோடு எங்கே என்று விரலை வைத்துக் காட்டினேன். கையெழுத்துக் கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருக்கிறது, ஆனால் செல்லும் என்றார் வக்கீல். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "மன்னிச்சுட்டேன்னு அவனுக்கு எழுதிடாதே. அது வேற. ஆட்சேபம் இல்லே, அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்டோபர் ஐந்தாம் தேதிக்குள் உன் படிவம் போய்ச் சேர வேண்டும். இனிமேலும் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாயானால் நானே உள்ளே வந்து உன்னை அடிப்பேன்.

முதுகு எப்படி?

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி இல்லை. உன் கடிதத்தை இந்தத் தடவை அதிகாரி மேஜையில் வைக்காமல், பிரித்துப் படித்த கையோடு அவரே கொண்டுவந்து கொடுத்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டேன். இன்று தபாலில் போகிறது.

மன்னிக்கவில்லை என்பதை எழுதியதற்கு நன்றி. மறைத்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அவர் எண்ணியது சரி. பத்து விநாடி நான் வேண்டுமென்றே வைத்தது. நடு வாக்கியத்தில் தொடங்கினால் கதை பிடிபடாது என்று கொஞ்சம் பின்னால் போகவிட்டேன். அதை அவரிடம் சொல். பதினோராவது விநாடியை நான் வைக்கவில்லை. இரண்டு நாளாக மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டி, எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வரிதான் மாற்ற வேண்டும்.

அந்த வரியை இதில் எழுதவில்லை. நீயும் தேடாதே. பதினோராவது விநாடி என் தப்பு என்று சொல், நேரில் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து திருத்துகிறேன்.

தம்பி